பஞ்சு போல் அமுங்கிய பிரேக்

பதினொரு மணி நேரத்தில் அண்ணன் தன் பழைய இத்தாலியக் காருக்குப் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டினான். முன்சக்கரங்களில், சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்தும் பெரிய பிரேக் காலிப்பர்களை நான் மாட்டினேன். மிதித்தால் பிரேக் பஞ்சு போல் அமுங்கியது. மூன்று முறை பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றியும் பயனில்லை.

அண்ணனுக்குக் கால் முறிந்து ஆறு மாதமாகிறது. இன்றுதான் மறுபடி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான்.

"என் கால்லதான் பலமில்ல. வண்டிய வித்துடலாம்டி."

"அவசரப்படாதண்ணா. நான் மாட்டினத ஒருதடவ பாத்துடறேன்."

"பிசிக்ஸ் மேடம் மாட்டினா தப்பு வருமா?" சிரித்துக்கொண்டே முழங்காலைத் தடவினான்.

சக்கரத்தருகே குனிந்தேன். காற்று மேலே தங்கும். அதை வெளியேற்றும் திருகும் மேலே இருக்க வேண்டும்; இங்கே கீழ்ப்பக்கம் இருந்தது. சற்று நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

"அண்ணா, உன் காலுக்கு ஒண்ணுமில்ல. காலிப்பர நான்தான் இடம் வலம் மாத்தி மாட்டிட்டேன்."