அந்த வீட்டு ஜன்னல்

சனிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு அக்கா வந்தாள். நான்கு மணி என்று சொல்லியிருந்தாள். பத்து நிமிடம் முன்னால் வந்தது தம்பிக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு முடித்தே தீருவது என்று வந்திருக்கிறாள்.

பத்தொன்பதாவது சனிக்கிழமை.

செருப்பைக் கழற்றியதும் அவன் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்ணைச் சோதிக்கிறவள். யாராவது டிவியை ஒட்டி உட்கார்ந்தால் அவளுக்குப் பொறுக்காது.

டிவியில் இருவரும் ஆடுகிற வீடியோ விளையாட்டின் முதல் பாகம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு, அவனுக்குப் பதினொன்று. கடிதம் கொண்டுபோகும் ஒரு பெண், ஒரு கோவேறு கழுதை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்து கிடக்கிற ஒரு தேசம். வீட்டில் இருந்தது ஒரே கன்ட்ரோலர். அவன் ஓட்டுவான். அவள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வழியை வரைந்து வைத்துக்கொண்டு சொல்வாள். அதனால் அவன் கட்டைவிரல், சுருக்கமாகக் கட்டை. அவள் மேப்பு. கழுதை புல்லைக் கண்ட இடத்திலெல்லாம் நின்றது. கடைக்கு அனுப்பினால் தெருமுனையிலேயே பேச்சுக்கு நின்றுவிடும் சித்தப்பா ஒருவர் இருந்தார். கழுதைக்குச் சித்தப்பா என்ற பெயரே நிலைத்தது. அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அக்காவுக்கு அப்போது இடம் வலம் தடுமாறும். அப்போது இருந்த வீட்டில் டிவிக்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கதவு. ஜன்னல் பக்கம் திரும்பு, கதவுப் பக்கம் போ என்பாள். அவன் கை அதற்கே பழகிவிட்டது.

கடைசிக் கடிதம் ஒன்று பாக்கியிருக்க, ஒரு மலையடிவாரத்தில் முதல் பாகம் முடிந்துபோனது. இரண்டாம் பாகம் வருகிறது, வருகிறது என்று பதினாறு வருடம் இழுத்தடித்தார்கள். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். அந்த வீட்டில் வேறு யாரோ குடியேறினார்கள். ஒரே ஊரில் இருந்தும் இருவரும் கல்யாணத்திலும் சாவிலும்தான் பார்த்துக்கொண்டார்கள். எப்படி இருக்கே, இருக்கேன். அதற்குமேல் ஓடவில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேச்சு எங்கேயோ அறுந்துபோயிருந்தது.

பிறகு ஒரு நாள் அவன் போன் செய்து, வந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். எது என்று அவள் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள்.

முப்பது மணி நேரத்தில் முடிகிற கதை. அவன் எழுபதைத் தாண்டி இழுத்துவிட்டான். ஆற்றைக் கண்டால் மீன் பிடித்தான். யார் யாரோ தொலைத்த ஆடுகளைத் தேடிக் கொடுத்தான். போன வாரம் லாடம் அடித்த சித்தப்பாவுக்கு மறு வாரமும் லாடம் அடித்தான். சித்தப்பாவுக்கு இவ்வளவு செருப்பு யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை என்று அக்கா சிரித்தாள். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் இங்கே வர என்ன இருக்கிறது? ஐந்தாவது வாரமே இது அவனுக்கு உறைத்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

நாலரைக்கு மலையில் பனி மூடியது. பாதை இரண்டாகப் பிரிந்தது. மடியில் விரித்திருந்த நோட்டை அக்கா ஒரு முறை பார்த்தாள். ஜன்னல் பக்கம் என்றாள்.

அவன் வலது பக்கம் திரும்பினான். பாதை சரிந்து சரிந்து, போன வாரம் விட்டு வந்த கிராமத்திலேயே கொண்டுபோய் விட்டது. மறுபடி ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

அக்கா பேனாவை மூடினாள்.

“ஜன்னல் பக்கம்னுதானே சொன்னேன்?”

“இந்த வீட்ல ஜன்னல் வலது பக்கம்தானே இருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம்தான் இருந்தது. கம்பியில் அவனுடைய வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

“பதினெட்டு வாரமா அந்த வீட்டு ஜன்னல் பக்கமே திரும்பிட்டிருந்தே. இன்னிக்குத்தான் இந்த ஜன்னல் கண்ணுல பட்டுதா?”

அவனுக்குக் காது சுட்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன பேசவேண்டும் என்று வேலையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பயப்படாதீங்க, இதோ வந்துடுறேன். இங்கே அது உதவாது.

 அக்கா போனை எடுத்து, வர நேரமாகும் என்று கணவனிடம் சொன்னாள். சோறு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளச் சொன்னாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

“ஏறுடா கட்டை. மெதுவா ஏறு.”

அவன் ஏறினான். இந்த முறை ஜன்னல் பக்கம் என்று அவள் சொன்னதும் இடது பக்கம் திரும்பினான்.

உச்சியில் ஒரே ஒரு வீடு. கடிதக்காரி கதவைத் தட்டினாள். திறந்தது யார் என்று காட்டவில்லை. ஒரு கை மட்டும் நீண்டு கடிதத்தை வாங்கிக்கொண்டது. அவள் திரும்பி வந்து சித்தப்பாவின் சேணத்தை அவிழ்த்தாள். சேணம் இருந்த இடத்தில் முதுகு மயிர் தேய்ந்திருந்தது. அதையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்.

விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. நூற்றுக்கணக்கான பெயர்கள். பாவம், இத்தனை பேர் சேர்ந்துமா பதினாறு வருஷம் ஆச்சு என்றாள் அக்கா.  அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பெயர்கள் தீரும்வரை இருவரும் எழுந்திருக்கவும் இல்லை.

பிறகு திரை தொடக்கத்துக்கே வந்து நின்றது.

அக்கா நோட்டை மேசைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு வார் சிக்கியது, குனிந்து சரிசெய்தாள். முடிஞ்சே போச்சு, நல்லா இருந்தது என்றாள். இரண்டு படி இறங்கினாள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்ட்ரோலர் இன்னும் கையில்தான் இருந்தது.

“அக்கா, அடுத்த சனிக்கிழமை சும்மா வருவியா?”