இருநூற்றுப் பதினான்காவது துண்டு

மூன்றாவது முறை எண்ணியபோதும் இருநூற்றுப் பதின்மூன்றுதான் வந்தது. பேக்கிங் லிஸ்ட்டில் இருநூற்றுப் பதினான்கு. ஈவாஞ்சலின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர் யார்டில், காலை பத்து மணி வெயிலில், நான்கு தார்ப்பாய்களின் மேல் மரத்துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. சில ஆள் உயரம், சில விரல் நீளம். ஒவ்வொன்றிலும் மையால் ஜப்பானிய எழுத்து. பதினாறு வருடமாக, கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முந்திரிக்கொட்டை, பழைய காகிதம், மிஷின் என்று என்னென்னவோ இறக்கியிருக்கிறாள். கோயில் இறக்குவது இதுதான் முதல் தடவை.

சின்னக் கோயில்தான். ஒசாகா நகரத்தில் ஒரு கம்பெனியின் பக்கத்தில் தொண்ணூறு வருடமாக நின்றது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதால் சாமியைப் புது வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வீட்டைத் தூக்கிப்போட மனம் வராமல், பிரித்து, ஓட்டப்பிடாரம் பக்கம் கட்டியிருக்கும் தங்கள் தொழிற்சாலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்றைக்கு அங்கிருந்து பூசாரி வந்து சாமியை இதிலும் இருத்துவார்.

"அப்போ வீடு கப்பல்ல வருது, சாமி ப்ளேன்ல வருதாக்கும்" என்றார் யார்டு தச்சர் தாணுலிங்கம். யாரும் சிரிக்கவில்லை. இன்று புதன்கிழமை.

கஸ்டம்ஸ் அதிகாரி சிவப்பிரகாஷ் தார்ப்பாய்களைச் சுற்றி வந்தார். "மேடம், ஒண்ணு கொறையுது. அது மட்டுமில்ல. ஒரு கோயில்னு எழுதியிருக்கிய. என் கண்ணுக்கு விறகாத்தான் தெரியுது. நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போட?"

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் ஈவாஞ்சலினுக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்படுகிறவரிடம் பேசிவிடலாம்; நியாயமாகக் கேட்பவரிடம் என்ன பேசுவது? லிஸ்ட்டைத் திருத்தி ஒசாகாவிலிருந்து வாங்க நாலு நாளாகும். இந்தக் கம்பெனி அவள் தானே பேசிப் பிடித்த முதல் கம்பெனி.

துண்டுகளை மறுபடி கோயிலாகக் கூட்டுவதற்காக ஒசாகாவிலிருந்து வந்திருந்த தச்சுப் பெண் மொரிட்டா, முப்பது வயதிருக்கும், இவ்வளவு நேரமும் ஓரமாகக் குத்தவைத்து ஒவ்வொரு துண்டாக முகர்ந்துகொண்டிருந்தாள். இப்போது போனின் மொழிபெயர்ப்பில் என்னவோ பேசி அதை நீட்டினாள். போன் கணீரென்று தமிழில் சொன்னது: "பற்களைக் கடிக்க வையுங்கள். ஒளிந்த குழந்தை வெளியே வரும்."

எல்லோரும் போனையே பார்த்தார்கள். தாணுலிங்கம்தான் முதலில் தலையாட்டினார். "கூட்டிப் பாத்தா தெரியும்னு சொல்லுது மேடம் அந்தப் பிள்ள. ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக் கெடக்கும்."

ஈவாஞ்சலின் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், இங்கனயே கூட்டிக் காட்டிட்டா?"

சிவப்பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

தாணுலிங்கம் ஓடிப்போய்ச் சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும் கொண்டுவந்தார். மொரிட்டா ஆணி டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கி, குனிந்து வணங்கி, தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "ஆணி இல்லாம எப்படி நிக்கும்?" என்று அவர் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. ஒரு கட்டையின் நுனியை இன்னொன்றின் துளையில் வைத்து மரச்சுத்தியால் மூன்று தட்டு தட்டினாள். இழுத்துப் பாருங்கள் என்று கைகாட்டினாள். தாணுலிங்கம் இழுத்தார். காலை ஊன்றி இழுத்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மத்தியானம் நாசரேத்திலிருந்து செல்வதுரை போன் செய்தான். ஈவாஞ்சலினின் கணவன், பள்ளிக்கூட வாத்தியார்.

"எங்க இருக்க?"

"கோயில் கட்டுதேன்."

"நம்ம கோயிலா?" அவர்கள் ஊரில் சர்ச்சும் கோயில்தான்.

"இல்ல, ஜப்பான் கோயில்."

"சாப்பிட்டியா?"

"இல்ல. ஒரு தூணப் பிடிச்சிட்டு நிக்கேன், அப்புறம் பேசுதேன்."

"ஏளா, நல்ல தச்சன்னா நம்பர் வாங்கி வையி. நம்ம கோயில்ல வடக்குப் பக்கம் ஒழுகுது."

சிரித்ததில் தூண் ஆடியது. எதிர்த் தூணைப் பிடித்திருந்த சிவப்பிரகாஷ், "மேடம், நேரா" என்றார். அவர் எப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்குக் கூரையை ஏற்ற வேண்டும். முகட்டுக் கட்டையின் நடுத் துளை காலியாக இருந்தது. அதில் செருக வேண்டிய ஆப்புதான் இல்லை. மொரிட்டா ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைசியில் கூரை ஓரத்துக்கான வளைந்த சட்டம் ஒன்றைக் காதோடு வைத்து ஆட்டினாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். ஒரு தட்டு. இன்னொன்று. விரல் நீளத்தில் ஒரு ஆப்பு வழுக்கிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. எண்ணிக் கட்டிய பிறகு வழியில் அதற்குள் நழுவிச் சிக்கியிருக்கிறது.

"பிள்ள பொறந்துட்டு" என்றார் தாணுலிங்கம். சிவப்பிரகாஷ் லிஸ்ட்டில் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்து, கூரையை ஏற்றும்வரை நின்று, அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

தொழிற்சாலை மேலாளர் நிஷிமுரா அப்போதுதான் வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். ஈவாஞ்சலினுக்குப் பயம் வந்தது. கேட்காமல் கூட்டியது தப்போ? பக்கத்தில் போனாள். அவர் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்: ஒசாகாவில் இதற்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு மாடிக் கட்டடம். நாளுக்கு அரைமணி நேரம்தான் வெயில் விழும். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஒரு நொடி நின்று தலை குனிந்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். தோட்டத்தில் தனியாக நின்றால் இதற்கு எப்படி இருக்குமோ என்று கவலைப்பட்டேன். இங்கே பார்த்தால், ஊரிலேயே இருப்பது போல இருக்கிறது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு புறமும் ஐந்தடுக்குக் கண்டெய்னர்கள், நீலமும் சிவப்புமாக. நடுவில், இடுப்புயர மேடைக் கட்டைகளின் மேல், வளைந்த கூரையோடு அது நின்றது. நிஷிமுரா இரண்டு முறை குனிந்தார், இரண்டு முறை கை தட்டி வணங்கினார். உள்ளே இன்னும் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இனி எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது. தாணுலிங்கமும் மொரிட்டாவும் ஒரே தார்ப்பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒருவர் உளியை ஒருவர் வாங்கி நகத்தில் கூர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தில், கண்டெய்னர் தூக்கும் பெரிய வண்டி நாற்பதடிப் பெட்டி ஒன்றை உயரத் தூக்கியபடி வந்தது. ஓட்டுகிற அய்யாக்குட்டி எப்போதும் ஹாரனில் கை வைத்தே வருகிறவன். கண்டெய்னர்களுக்கு நடுவிலான சந்தின் முனையில், ஹாரன் அடிக்காமல், வண்டி நின்றது. அவன் கண்ணாடிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தாழ்த்தி, பின்னோக்கி எடுத்து, யார்டின் மறுகோடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனான்.