தட்டக் கூடாத கதவு

பெல்ஃபோர்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில், 1886 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலோசனைக்குப் போன பன்னிரண்டு ஜூரிகள், 1920-ல் ஒரு மழை நாள் சாயங்காலம் முடிவோடு வெளியே வந்தார்கள். அவர்களுடைய பூட்ஸில் ஒட்டியிருந்த சேறு அப்போதும் ஈரமாகவே இருந்தது.

பெல்ஃபோர்க் ஆற்றங்கரை ஊர். அக்கரையில் அமெரிக்கப் பழங்குடி இந்தியர் நிலம். அங்கே விழும் கொலைக்கெல்லாம் இக்கரை நீதிமன்றம்தான் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று வாஷிங்டனில் தீர்மானித்திருந்தார்கள். அதற்காக ஒரு நீதிபதி, ஒரு அரசு வக்கீல், ஆளைப் பிடித்து வர ஒரு மார்ஷல், ஒரு குமாஸ்தா, பின்கட்டில் ஒரே சமயத்தில் ஆறு பேரைத் தாங்கும் தூக்குமேடை. நீதிபதி எலியாஸ் வான்ட்ரீஸ் ஆயுள் முழுக்கப் பதவி என்ற நியமனத்தில் வந்தவர். அவர் வந்த மறுவருஷம் ஊரில் சணல் கயிறு விலை ஏறிற்று, பிறகு இறங்கவில்லை. அந்த நவம்பரில் அவர் முன்னால் வந்து நின்றவள் டீனா பிரைமஸ். கிரீக் குலத்து இந்தியர்களிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பத்துப் பெண். வயது இருபத்து நாலு. கள்ளச் சாராயக்காரன் ஒருவனைத் தேடிப் புறப்பட்ட துணை மார்ஷல், பொழுது சாயும் வேளையில் வீடு மாறி அவள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தார். காய்ச்சலில் கிடந்த அவள் புருஷன் எழுந்தான். துணை மார்ஷல் சுட்டார். டீனா சுவரிலிருந்த துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டாள். உதைப்பதற்கு முன்னால் அவர் தான் யாரென்று சொன்னாரா, சொல்லவில்லையா? வழக்கு மொத்தமும் அவ்வளவுதான். சொன்னார் என்றால் அவளுக்குக் கயிறு. சட்டத்தில் வேறு தண்டனை கிடையாது.

ஜூரிகளில் பன்னிரண்டாவது ஆள் கேலப் பிரூயிட், குதிரைச் சேணம் தைக்கிறவர். ஜூரி எடுத்த அன்றே எழுந்து நின்று, "என் பொண்டாட்டிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குங்க ஐயா, என்னை விட்டுடுங்க" என்று கேட்டுப் பார்த்தார். "பிள்ளை பெத்துக்கப் போறது நீயா, அவளா? உட்காருய்யா!" என்றார் வான்ட்ரீஸ். சபை சிரித்தது. கேலப் உட்கார்ந்தார்.

இருட்டுவதற்குள் முடிவு வந்துவிடும் என்று நீதிபதி வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாசலில் நின்ற காவல் சேவகர் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். ஜூரித் தலைவர் கிரைம்ஸின் சுங்கானிலிருந்து கிளம்பிய புகை, நட்டுவைத்த குச்சி மாதிரி அசையாமல் நின்றது. வேவு பார்த்து வர ஒரு துணை மார்ஷலை உள்ளே அனுப்பினார்கள். அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உடனே திரும்பியதாகத்தான் நினைத்தார். வெளியே வந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாயிலிருந்த சுருட்டு அணையவில்லை. "பதினோரு பேரு மேஜையைச் சுத்தி உக்காந்திருக்கானுங்க. கேலப் மட்டும் தனியா எழுந்து நடந்துக்கிட்டிருக்கான். தூக்கு வேணாம்னு அவன் ஒருத்தன்தான் நிக்கிறான்" என்றார். அந்த இரண்டு மாதச் சம்பளத்தை, வேலைக்கு வரவில்லை என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே இன்னும் அதே செவ்வாய்க்கிழமை மதியம். கேலப் இறங்கி வந்தால் டீனா சாவாள். மற்றவர்கள் இறங்கி வந்தால் பிழைப்பாள். வான்ட்ரீஸ், முடிவு சொல்லாமல் ஒருவனும் வெளியே வரக்கூடாது, தினமும் நீதிமன்றம் கலையும்முன் கதவைத் தட்டிக் கேட்டாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு ஈரல் வீங்கிச் செத்தார். அடுத்த நீதிபதி மேல் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டார். தீர்ப்பு வந்தால்தான் அப்பீல், இங்கே தீர்ப்பே வரவில்லையே என்று பதில் வந்தது. அதற்கடுத்தவர் ஜூரியைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார். எங்களால் ஒத்துப்போக முடியாது என்று ஜூரிகளே சொன்னால் கலைக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அக்கரை நிலம் தனி மாநிலமாயிற்று. தூக்குமேடையைப் பிரித்து விறகுக்கு விற்றார்கள். மின்விளக்கு வந்தது. ஜூரிகளின் மனைவிகளில் சிலர் வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள், நீதிமன்றம் ஆட்சேபிக்கவில்லை.

கேலப்பின் மனைவி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜூரி உள்ளே போன அன்று ராத்திரியே அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஓரன் என்று பேர். அவன் வளர்ந்து, வேறெங்கும் வேலை தேடாமல், நேரே மார்ஷலிடம் போய் அந்தக் கதவுக்கே காவல் சேவகனாகச் சேர்ந்தான். கதவுக் காவலுக்கு ஒரு சத்தியம் உண்டு. ஜூரிகளோடு நானும் பேச மாட்டேன், பிறரையும் பேச விடமாட்டேன். முடிவுக்கு வந்தாயிற்றா என்று கேட்பது ஒன்றைத் தவிர. பைபிள் மேல் கைவைத்து ஓரன் அதைச் சொன்னான். அந்த ஒரு கேள்விதான் அப்பாவிடம் பேச அவனுக்கு இருந்த ஒரே வழி. அதனால் ஒரு நாளும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், ஆற்றில் வெள்ளம் வந்து ஊரே மேட்டுக்கு ஓடிய நாள், எல்லா நாளும் வந்து மூன்று தட்டுத் தட்டி, "முடிவுக்கு வந்தாச்சா?" என்று கேட்டான். உள்ளிருந்து வரும் பதில், கதவு மரத்திலேயே ஓர் உறுமலாக விடிய விடிய ஓடும். ஒரு சொல் முழுசாக வெளியே வர ஒரு நாள் பிடிக்கும். இல்லை, என்பதுதான் எப்போதும் சொல்.

டீனாவின் அறை அதற்கு நேர் கீழே. கேலப்பின் கால் அவள் தலைக்கு மேலே ஓர் அடி வைக்கும்; மறுநாள் அடுத்த அடி. கைதிகளுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஓரன் தட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து கம்பிக்கு வெளியே உட்காருவான்.

"இன்னிக்கு எந்தக் கால் அக்கா?"

"வலது. உங்கப்பன் பூட்ஸுல வலது அடி தேஞ்சு கிடக்கு தம்பி. ஊர்க் குதிரைக்கெல்லாம் தோல் தைக்கிற மனுஷன், சொந்தக் காலைக் கவனிக்கலை பாரு."

"நான் பார்த்ததில்லையே. நீ பார்த்திருக்கியே, எப்படி இருப்பாரு?"

"உன்னை மாதிரிதான். மூக்கு மட்டும் உங்கம்மாவோடது, அந்த மட்டும் நீ தப்பிச்சே."

1919-ல் மார்கஸ் தெய்ன் நீதிபதியாக வந்தார். இளகின மனசுக்காரர். நேரே சிறைக்குள் இறங்கி வந்து, "நீங்க சம்மதிச்சா ஜூரியை நான் கலைச்சிடலாம்மா. மறுபடி வழக்கு நடத்தச் சாட்சி ஒருத்தனும் உயிரோட இல்லை. வீட்டுக்குப் போகலாம்" என்றார். டீனாவின் தலை அதற்குள் முழுக்க வெளுத்திருந்தது. வீடு எதுவும் மிச்சமில்லை என்பதை அவள் சொல்லவில்லை. "மேல ஒரு மனுஷன் எனக்காகப் பதினோரு பேரோட மல்லுக்கு நிக்கிறாருங்க. நான் பாட்டுக்கு எழுந்து போயிட்டா, அவரு யாருக்காக நின்னாருன்னு ஆகும்? அவரு வாயால நான் குத்தமில்லாதவள்னு சொல்லட்டும், போறேன்" என்றாள். தெய்ன் தொப்பியைக் கையில் பிடித்தபடியே மேலே ஏறிப் போனார்.

அடுத்த வருஷம், அந்த மழை நாளில், ஓரன் தட்டக் கையை ஓங்கியபோது கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது.

பன்னிரண்டு இளைஞர்கள் மின்விளக்கில் கண் கூசி நீதிமன்றத்துக்குள் வந்து பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைத் தேடிய கிரைம்ஸ், அது இருந்த இடத்தில் எந்தக் காலத்திலோ செத்துப்போன வான்ட்ரீஸின் எண்ணெய்ப் படம் தொங்குவதைப் பார்த்து, பார்க்காத மாதிரி இருந்தார். குமாஸ்தா கேட்டார். "குற்றவாளி" என்றார் கிரைம்ஸ். அதோடு நிற்காமல், கோபத்தில் கொட்டிவிட்டார். "முடிவு பண்ணச் சொல்லி உள்ளே விட்டீங்க, சரி. அதுக்காகக் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கிறதா? நாலு மணி நேரமா டமடமன்னு ஆலங்கட்டி விழற மாதிரி விடாம தட்டினா மனுஷன் எப்படிய்யா யோசிப்பான்? நீதிபதிக்கு அவ்வளவு கோபமான்னு கேலப் கடைசியில பயந்துட்டான். பாவம், பொண்டாட்டி வேற மாசமா இருக்கா. சரி, உங்க இஷ்டம்னு உக்காந்துட்டான்."

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாளுக்கு ஒரு தரம் தட்டுவது உள்ளே இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று ஐந்து நீதிபதிகளில் ஒருவரும், நாலு மார்ஷல்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. உத்தரவு இருந்தது, தட்டினார்கள். ஓரன் கதவோரம் நின்று தன் வலது கை விரல் முட்டிகளைப் பார்த்தான். வருஷக்கணக்காகத் தட்டிக் காய்த்துப் போயிருந்தன.

டீனாவின் ஐந்தாவது வக்கீல் எழுந்தார். வேறு ஒன்றும் தோன்றாமல், சட்டத்தில் மிச்சமிருந்த ஒரே உரிமையைக் கேட்டார்: ஜூரிகளை ஒவ்வொருவராக எழுப்பி, இது உம்முடைய முடிவுதானா என்று கேட்க வேண்டும். குமாஸ்தா கேட்டுக்கொண்டே வந்தார். பதினோரு பேர் ஆமாம் என்றார்கள். கேலப் எழுந்தார். மதியம் அந்தக் கூண்டில் இருபத்து நாலு வயதுப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்; இப்போது அதே இடத்தில், அதே கண்ணோடு, ஒரு வெள்ளைத்தலைக் கிழவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"இல்லைங்க ஐயா" என்றார் கேலப். "இது என் முடிவு இல்லை."

ஒருவர் இல்லை என்றாலும் தீர்ப்பு கிடையாது. அரசு வக்கீல் குதித்தெழுந்து, கலைத்துவிட்டுப் புது விசாரணை வேண்டும் என்றார். தெய்ன் டீனாவைப் பார்த்தார். அவள் தலையை இடம் வலமாக அசைத்தாள். அதன் பிறகு அவர் அரசு வக்கீல் பக்கம் திரும்பவே இல்லை. ஜூரிகள் மறுபடி ஆலோசனைக்குப் போகட்டும், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளட்டும், இனி இந்த நீதிமன்றம் இருக்கும் வரை அந்தக் கதவை ஒருவரும் தட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். கிரைம்ஸ் சாபம் விட்டுக்கொண்டே எழுந்தார். ஒரு ஜூரியின் கிழட்டு மனைவி பின் பெஞ்சிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். துணை மார்ஷல்கள் அவளை உட்கார வைத்தார்கள்.

கடைசியாக உள்ளே போனவர் கேலப். வாசலில் நின்று, தன்னைவிட வயது கூடிய காவல் சேவகனைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என் பொண்டாட்டிக்கு என்ன பிள்ளை பொறந்துச்சு?"

ஓரன் சத்தியம் செய்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. கேலப் அவன் மூக்கைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தார். பிறகு, கேட்டதற்குப் பதில் கிடைத்த மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஓரன் கதவைச் சாத்தினான்.

டீனா இன்னும் ஆறு குளிர்காலம் இருந்தாள். சளி நெஞ்சில் இறங்கி, மேலே ஓர் அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்கு முன்னால் செத்துப்போனாள். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கும் இறந்தது. அதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஜூரிகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சொல்ல வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். தட்டக் கூடாது என்று உத்தரவு இருந்தது. உத்தரவு போட்ட நீதிபதி அதற்குள் காலமாகியிருந்தார். புது நீதிபதி மேல் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டார். தீர்ப்பே வராத வழக்கில் தாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது.

இரண்டாம் மாடியில் புதிதாக ஒரு ஜூரி அறை கட்டினார்கள். மற்ற வழக்குகள் அங்கே நடக்கின்றன. பழைய கதவுக்கு முன்னால், சத்தியம் செய்த ஒரு சேவகர் எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வராந்தா கூட்டுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, விரல் நுனியில் நடந்து போவார்கள்.