வெள்ளைத் துணிமேல் ஐந்நூறு தோட்டா

"ஐந்நூறு தோட்டா நிரப்பினேன் மச்சான், கல்யாணப் போர்வைக்கு வெச்சிருக்கிற வெள்ளைத் துணிமேல. ஒரு துகள் சிந்தல. கடைசியில மருந்து டப்பாவ எடை போட்டா, வாங்கினதவிடக் கொஞ்சம் கூடவே இருந்துச்சு!"

ஓரின் டாலஃப்சன் இப்படி அளந்ததும் காபிக் கடையே சிரித்தது. அவர் மனைவிக்கு அண்ணனான டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை.

"உன் மெஷினா? அது ஒழுகவிட்ட மருந்தத் தின்னுட்டு உன் வீட்டு எலியெல்லாம் அடுப்புப் பக்கம் போகவே பயப்படுது. நாளைக்குக் காலையில வந்து என் கண்ணால பாக்கறேன்."

டெல்மர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதுதான் அமெரிக்காவின் மான்டானாவில் பாதிப் பேருக்குக் குளிர்கால வேலை. கருவியின் மேலே மருந்துக் குப்பி, நடுவில் இரும்பு உருளை, பக்கத்தில் கைப்பிடி. ஒருமுறை இழுத்தால் ஓர் அளவு மருந்து கீழே கூட்டுக்குள் விழும். ஓரின் வாங்கும் மருந்தோ கடுகைப் பத்தாக உடைத்ததுபோல் நைசு. உருளையைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே அது கசிந்துகொண்டே இருந்தது.

கசிந்த இடம்தான் வம்பு. வீட்டில் கணப்புள்ள பின்னறை ஒன்றுதான், மேசையும் ஒன்றுதான். ஒரு முனையில் ஓரின், மறுமுனையில் பேத்தியின் கல்யாணத்துக்குப் போர்வை தைக்கும் மனைவி லவோன். வெள்ளைத் துணியில் சாம்பல் புள்ளிகளைப் பார்த்த அன்று அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறமும் சிந்துச்சுன்னா, நீயும் உன் மெஷினும் கொட்டகைக்குப் போயிடுங்க."

ஜனவரியில் அந்தக் கொட்டகையில் தும்மினால், தும்மல் தரையில் விழுந்து உடையும். குளிரைக்கூட ஓரின் பொறுத்துக்கொள்வார். நாற்பத்தொரு வருடமாக மறுமுனையிலிருந்து வரும் அந்த முணுமுணுப்புப் பாட்டு அங்கே கேட்காதே!

உருளையின் திருகாணியை இறுக்கினார், கைப்பிடியை இழுக்க டிராக்டர் வேண்டியிருந்தது. எண்ணெய் விட்டார், மருந்து அதில் ஒட்டிக் களியாகி, உருளை கரகரவென்று அரைத்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டவரைப் பார்க்க லவோனுக்கே பாவமாகிவிட்டது.

"நான் தொறக்கற சர்ச் கதவுப் பூட்டுக்கு என்ன எண்ணெயா விடறேன்? குளிர்ல இறுகிடும்னு கிராஃபைட் தூள்தான ஊதறேன்? இதுவும் இரும்புதான? நல்லாத் துடைச்சுட்டு அதத் தேய்ச்சுப் பாரேன்."

கழற்றினார். பிசுக்குப் போகத் துடைத்தார். பென்சில் கரிபோல் மினுங்கும் அந்தத் தூளை, உருளை வழவழக்கும்வரை தேய்த்தார். கைப்பிடி இதமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் திருகாணியை முடுக்கினார். அடுத்த நாளே காபிக் கடைக்கு ஓடிப்போய் அளந்துவிட்டதுதான் முதலில் கேட்ட அந்தப் பெருமை.

டெல்மர் சொன்னபடியே பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். கருவியின் அடியில் லவோனே வெள்ளைத் துணியை விரித்தாள். ஓரின் இழுத்தார், இழுத்தார், மத்தியானம்வரை இழுத்தார். டெல்மர் துணிமேல் கவிழ்ந்தே கிடந்தார். ஐந்நூறாவது கூடு நிரம்பியது.

"இதோ!" என்று கத்தினார் டெல்மர். துணியின் நடுவே ஒரு கரும்புள்ளி.

ஓரினின் உயிர் கொட்டகைவரை போய்த் திரும்பியது. லவோன் அந்தப் புள்ளியை ஊசிமுனையால் எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அண்ணனின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கேக்குல போடற கறுப்புக் கசகசா, அண்ணா. காலையில தின்ன கேக்குல பாதி இன்னும் உன் மீசையிலதான் இருக்கு."

ஓரின் சிரித்த சிரிப்பில் ஜன்னலில் உறைந்திருந்த பனி இரண்டு விரற்கடை உருகியிருக்கும். மேசையைச் சுற்றி ஓடிப்போய் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா இந்நேரம் நான் கொட்டகையில வெறச்சுக் கெடப்பேன், லவோன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"மொதல்ல கையக் கழுவிட்டு வந்து சொல்லு" என்றாள் அவள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

டெல்மர் மீசையைத் துடைத்தார். துணியை இன்னொரு முறை, ஓரம்வரை, பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு மனசில்லாமல் முனகினார்.

"எடை கூடுச்சுங்கறது பச்சப் புளுகு. ஆனா ஒரு துகள்கூடச் சிந்தலங்கறது நெசம்தான், மாப்ள. நானே பாத்தேன்."