ராட்சசன் வந்த முகூர்த்தம்

என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் நல்லவர் என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நல்லவர்தான், எனக்கே தெரியும். அதனால்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், இங்கே மலாக்காவில் கிளேபாங் கடற்கரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகிறார், சாமானெல்லாம் லேலாங்கில் ஏலம் போகிறது என்று கேள்விப்பட்டுத் தையல் மெஷின் வாங்கி வரும்படி அனுப்பினேன். மனுஷன் சைக்கிளில் ஒரு பெட்டி இசைத்தட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தையல் மெஷின் எங்கே என்று கேட்டால், மழை வரும் போலிருக்கிறதே பாக்கியம் என்றார்.

அவருக்குத் தொழில், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவது. சரி, தொழிலுக்கு ஆகும் தட்டாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். போட்டுக் காட்டினார். அன்றைக்குப் போன என் நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

ஒரே உறைக்குள் ஐந்து தட்டு. பாலே என்று ஓர் ஆட்டமாம். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாரீஸில் புதுமாதிரியாக ஆடினார்களாம். அதற்கு எண்பது பேர் உட்கார்ந்து வாசித்ததைத்தான் தட்டில் பிடித்திருக்கிறார்கள். எண்பது பேரும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் மாதிரிதான் எனக்குக் கேட்டது. ஆட்டத்தைப் பாரீஸிலேயே விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எங்கள் காஜா பெராங்குக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் என் புருஷன்.

கதை வேறு சொல்வார். காற்றாலைக்காரன் ஒருவனுக்கு ஒரே மகள். அவளை ஒரு புயல் ராட்சசன் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். ராட்சசன் வருவது நான்காவது தட்டு, மஞ்சள் ஒட்டுப் போட்ட பக்கம். முதலில் புல்லாங்குழல் ஒன்று நோயாளி மாதிரி முனகும். நான் அடுப்படியில் மிளகாயை வறுத்து இறக்கும் நேரத்தில் முரசு ஆரம்பிக்கும். அலமாரியில் மூடிகள் ஆடும். அப்புறம் பெரிதாக மூன்று இடி. இடிக்குப் பிறகு எண்பது பேரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வார்கள். நாலு மூச்சு விடும் நேரம் சத்தமே இருக்காது. அந்த ஓர் இடைவெளியில்தான் என் குரல் அவர் காதுக்கு எட்டும். அதனால் தினமும் அங்கே, தவறாமல், நிறுத்துங்க இந்தச் சனியனை என்று கத்துவேன். அவர் நிறுத்த மாட்டார். மறுபடி முரசு எழும்பிவிடும். பக்கத்து வீட்டு அன்னம்மா சுவரைத் தட்டிச் சிரிப்பாள்.

இந்த நிலையில்தான் என் தங்கை கோகிலாவுக்குக் கல்யாணம் கூடியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வயது இருபத்தேழு. அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து முறிந்திருந்தது. முதல் தடவை தாம்பூலம் மாற்றும்போது விளக்கு அணைந்துவிட்டது. இரண்டாம் தடவை நாள் குறிக்கும்போது யாரோ தும்மிவிட்டார்கள். இரண்டு தடவையும் கோகிலா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து பாத்திரம் துலக்கினாள். அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக வந்தவர் உஜோங் பாசிர் பக்கத்து ஜெயபாலன். டெலிபோன் இலாகாவில் வேலை, தங்கமான பிள்ளை. ஆனால் அவருடைய தாயார் சிவகாமசுந்தரி இருக்கிறாரே, சகுனம் பார்ப்பதில் முதல் இரண்டு வீட்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பரிசம் போட்ட அன்றே என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார். தாலி ஏறும்போது ஒரு தும்மலோ ஓர் அமங்கலச் சொல்லோ காதில் விழுந்தால், மகனை எழுப்பிக்கொண்டு போய்விடுவாராம். முகத்தைப் பார்த்தேன். சொன்னதைச் செய்கிற முகம்.

காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளம் கொட்டுவது என்று நானும் தைரியமாக இருந்தேன். கல்யாணத்தன்று காலை எங்கள் வாசலில் பந்தல், தென்னைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய், மணவறைக்குப் பின்னால் மேஜைமேல் கிராமபோன், ஐயர் மந்திரம் ஊருக்குக் கேட்கவேண்டும் என்று அவர் முன்னால் ஒரு மைக். எல்லாம் இருந்தது, மேளக்காரர்களைத் தவிர. தம்பினிலிருந்து வரும் வழியில் பஸ் நின்றுவிட்டதாம். என் வீட்டுக்காரர் யாரோ ஒருவருடைய காரை வாங்கிக்கொண்டு அவர்களைத் தேடி ஓடினார். போகும்போது, பயப்படாதே, கெட்டிமேளத் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன், நாற்காலிமேல் இருக்கிறது, தேவைப்பட்டால் போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலிமேல். மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்பாசாமி வந்து உட்கார்ந்த நாற்காலிமேல். ஆள் நல்ல பருமன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்து, ஏதோ உடைஞ்சிருக்கு போல என்று எனக்கே செய்தி சொன்னார். இது போதாதென்று ஓமப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காலையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

சினிமாப் பாட்டுத் தட்டுகளைப் புரட்டினேன். எந்தத் தட்டை எடுத்தாலும் எவனோ எவளையோ பிரிந்து அழுதுகொண்டிருந்தான். தாலி ஏறும்போது அதைப் போட்டால் தும்மலே தேவையில்லை, அந்த அம்மாள் அப்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சமையலுக்கு உதவ வந்த அன்னம்மா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட வம்சம், தமிழ் வராது. மலாயில்தான் சொன்னாள்: தினமும் நீ திட்டுவாயே, அதைப் போடேன். அதில் பேச்சே கிடையாதே, மேளம்தானே இருக்கிறது.

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே ஓடி நான்காவது தட்டை எடுத்து வந்தேன். ராட்சசன் பெண்ணைத் தூக்குகிற இடத்தைத் தாலிகட்டுக்குப் போடப்போகிறோமே என்று ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. யாருக்குத் தெரியப்போகிறது? கதை தெரிந்த ஒரே மனுஷன் பஸ்ஸைத் தேடிப் போயிருக்கிறார். சத்தமான இடத்தில் தட்டு தேய்ந்து வெளிறியிருக்கும் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. வெளிறிய வளையத்துக்கு நேராக ஊசியைப் பிடித்துக்கொண்டு, ஐயரின் கையையே பார்த்தபடி இருந்தேன்.

ஐயர் கையைத் தூக்கினார். நான் ஊசியை வைத்தேன்.

நம்ப மாட்டீர்கள், வீட்டில் கேட்டதைவிட அது பத்து மடங்கு. தென்னைமரத்தில் இருந்த காகமெல்லாம் பறந்தது. பந்தலில் இருந்த குழந்தைகள் வாயைப் பிளந்தன. பெரியவர்களில் பாதிப் பேர் இது ஏதோ தஞ்சாவூர்ப் பக்கத்துப் புது மேளம் என்று நினைத்து அட்சதையை எடுத்துக்கொண்டார்கள். ஜெயபாலன் தாலியைக் கோகிலாவின் கழுத்தருகே கொண்டுபோனார். நான் அப்பாசாமியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துடித்தது. இவர் தும்மக்கூடாது, தும்மினால் என் தங்கை வாழ்க்கை போச்சு என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். ஓர் இடி. இரண்டாவது. மூன்றாவது. எண்பது பேரும் வாயை மூடினார்கள்.

அப்பாசாமி தும்மவில்லை. நான் கத்தினேன்.

"நிறுத்துங்க இந்தச் சனியன!"

என் தொண்டைக்கு மைக் தேவையே இல்லை. ஆனாலும் ஐயரின் மைக் அதை வாங்கித் தென்னைமரத்துக்கு அனுப்பி, காஜா பெராங் முழுக்கத் தெரிவித்தது. எட்டு மாதப் பழக்கம். கை ஊசியில், கண் மூக்கில், வாயை யார் பார்த்தார்கள்? என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் கை நின்றுவிட்டது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். சிவகாமசுந்தரி எழுந்து நின்றார். குடை கையில் இருந்தது. ஜெயபாலன் தாயாரைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் இவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றப் போகிறாள், இந்தத் தடவை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கோகிலா தலையை நிமிர்த்தினாள். மணவறையில் பெண் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா அந்தத் தட்டைத் தினமும் திட்டுறதுதாங்க. எனக்குச் சம்மதம். நீங்க கட்டுங்க."

அதுவும் மைக்கில் போயிற்று. ஜெயபாலன் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சரி என்றார், அடக்கமாக, ஆபீஸில் வேலை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. அவர் முதல் முடிச்சைப் போடவும் நாலு மூச்சு முடியவும் சரியாக இருந்தது. மறுபடி முரசு எழும்பி ராட்சசன் முழு உருவத்தோடு வந்து இறங்கினான். அந்த இரைச்சலுக்குள் அப்பாசாமியின் வாய் மூன்று தடவை அகலமாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். ஒரு சத்தமும் யார் காதிலும் விழவில்லை. நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டு முடித்தாள். சிவகாமசுந்தரி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் கேட்கவில்லை. தட்டு ஓய்ந்தபோது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் மேளக்காரர்களோடு வந்து சேர்ந்தபோது பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தோம். நடந்ததைக் கேட்டு, அடடா, வெட்டவெளியில் அந்த இடம் எப்படிக் கேட்டிருக்கும், நான் இல்லாமல் போய்விட்டேனே என்று அவர் வருத்தப்பட்டார். கல்யாணத்துக்காக இல்லை, தட்டுக்காக. அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று நான் உள்ளே போனேன்.

கோகிலா புறப்படத் தயாராக அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை மன்னித்துவிடு, அந்த நேரத்தில் என் வாயில் அந்தச் சொல்லா வரவேண்டும் என்று கேட்டேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீ கத்தலன்னா யாரும் நின்னிருக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் விளக்கைப் பார்த்தீங்க, பஞ்சாங்கத்தைப் பார்த்தீங்க, அவங்க அம்மா முகத்தைப் பார்த்தீங்க. மூணு தடவையும் சம்மதமான்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் நான், நானும் கேட்டதில்லை. அவள் தலையில் பூ சரிந்திருந்தது. அதை எடுத்து ஒழுங்காக வைத்துவிட்டு, வாசலில் கார் வந்துவிட்டது என்று சொன்னேன்.