பஞ்சில் பொதிந்தவை

மூன்றாவது கண்ணாடி உருண்டையையும் அண்ணன் சுவரில் அடித்தபோது, சின்னவள் பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். அவன் உதறிய உதறலில் சோபாவில் போய் விழுந்தாள். வெளியே மழையும் காற்றும் சேர்ந்துகொண்டு ஜன்னலைப் பிய்த்தெடுக்கப் பார்த்தன.

உள்ளறையில் அப்பா செத்துக் கிடந்தார். சாயங்காலம் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தைச் செருகிவிட்டு இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். தெருவை அடைத்துக்கொண்டு மரம் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வரவில்லை. கரண்டும் போய்விட்டது. ஹாலில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, விட்ருண்ணா! அப்பா உசுரா வெச்சிருந்தது!"

"தெரியும். அதுக்குத்தான் உடைக்கிறேன்."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் கை எப்போது யார் மேல் விழும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. டிசம்பரில் மட்டும் அந்தக் கை சாதுவாகிவிடும். பஞ்சில் பொதிந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, துடைத்து, கிளையில் மாட்டுவார். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் தும்மக்கூடக் கூடாது. கடைசியாக வரும் சிவப்பு உருண்டை சின்னவளுடையது. கல்லூரிக்குப் போகும் வயதிலும் அவளைக் கூப்பிட்டு, "மாட்டுடா கண்ணு" என்பார். அந்த ஒரு நாளுக்காகவே அவள் அவர்மேல் உயிரை வைத்திருந்தாள்.

அண்ணனுக்கு எட்டு வயதில், உருண்டைக்குள் தன் மூக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்க்க ஆசை வந்தது. எடுத்தான், நழுவியது. ஒரே அறை. அன்றோடு இடது காது போனது. அப்புறம் வீட்டில் எல்லோரும் அவனுக்கு வலது பக்கம் வந்து பேசப் பழகிக்கொண்டார்கள். அப்பா மட்டும் பழகவேயில்லை.

அண்ணன் மரத்தையே பிடித்துச் சாய்த்தான். அது விழுவதற்குள் சின்னவள் சிவப்பு உருண்டையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் தூள் தூளாகிப் போனது.

சத்தம் கேட்டு அம்மா டார்ச்சுடன் வந்தாள். இப்போது திட்டப் போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அம்மா சில்லுகளைத் தாண்டி அவனுடைய வலது பக்கம் போய் நின்றாள்.

"வெறுங்காலோட நிக்காதப்பா. செருப்பப் போட்டுக்கோ."

அவன் தங்கையிடம் கையை நீட்டினான். "அதையும் குடு."

"மாட்டேன். இது என்னோடது."

காற்று ஊளையிட்டது. அவள் அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். இத்தனை கோபத்திலும், அவன் பழக்கத்தில் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான்.

"என்ன சொன்னே?"

அதை இரண்டாம் முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் போனாள். உருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைச் சுவரில் அடிக்கவில்லை. கையை மெல்ல மூடினான், மூடிக்கொண்டே போனான். புயல் இரைச்சலில் அது உடைந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

அம்மா அவனை உட்காரவைத்தாள். காலிப் பெட்டியிலிருந்து பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். டார்ச்சைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, அவன் உள்ளங்கையிலிருந்து சிவப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். வெளிச்சம் நடுங்கியது.

"ஆட்டாம பிடிடி" என்றாள் அம்மா.