வௌவால்கள் பதின்மூன்று

உலகத்தில் சில ஊர்கள் தாமாக வளர்கின்றன. சில ஊர்களை வரலாறே தேடி வந்து கைப்பிடித்து அழைத்துப் போகிறது. குளுவாங் இரண்டாம் ரகம் என்று திடலின் நடுவில் நின்று கிரகோரி முழங்கியபோது மைக் வேலை செய்யவில்லை. அவர் வாய் அசைவது நின்றதும் சனம் கைதட்டியது.

கிரகோரிக்கு நாற்பத்தேழு வயது. ஊரில் பாதி வீடுகளின் ஏர்கோன் அவர் மாட்டியது. ரக்பி லீக் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களுக்கும் தன் தொழில்முறைப் போட்டியைக் கொண்டுபோக ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆசியா முழுக்க ஊர் தேடியது. பெரிய பெரிய தலைநகரங்களுக்கு நடுவே குளுவாங்கை நுழைத்தவர் அவர்தான். எப்படி என்று கேட்டால், "இமெயில் போட்டேன் லா, அவங்க பதில் போடுற வரைக்கும் போட்டேன்" என்பார். சிரிக்கலாம். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் மெக்கென்னா என்ற அதிகாரி அன்றைக்கு அந்தத் திடலில் வெயிலில் சிவந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டார். சிங்கப்பூர் அணியோடு ஒரு ஆட்டம். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே முடிவு சொல்வதாக ஏற்பாடு.

மலாய் மொழியில் குளுவாங் என்றால் பெரிய வௌவால். அதனால் அணிக்கும் அதே பெயர். செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிற ஆட்கள், செனாய் ஊர்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், ஒரு பேங்க் குமாஸ்தா. பயிற்சி கொடுத்தவள் சிம்பாங் ரெங்கத்து விளையாட்டு ஆசிரியை சாந்தினி. மழையானாலும் ஒரு நாள் தவறியதில்லை. அவள் விசில் ஊதினால் லாரிக்காரர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

வௌவால்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கடைசியில், பதினைந்தாம் எண் சட்டையில், கேப்டன் கிரகோரி. மெக்கென்னா விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஏன் பதினைந்து பேர்?"

"ரக்பிக்குப் பதினைந்துதானே?" என்றார் கிரகோரி.

"அது ரக்பி யூனியன். இது ரக்பி லீக். பதின்மூன்று பேர். விதிகளும் வேறு."

சாந்தினி அதைத் தமிழில் சொன்னதும் பதினைந்து பேரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள். தப்பு யாருடையது? இந்த நாட்டில் லீக் என்றால் போட்டித் தொடர். காற்பந்து லீக் இருக்கிறது, கேரம் லீக் இருக்கிறது. அப்படியானால் ரக்பியில் ஒரு லீக், ரக்பி லீக். ஊரே அப்படித்தான் புரிந்துகொண்டது.

"யூனியன்னா எங்கப்பா எஸ்டேட்டுல சந்தா கட்டினாரே, அதுதானே டீச்சர்?" என்றான் லாரிக்காரன் தங்கராஜு. "அதுல எப்ப ரக்பி ஆடினாங்க?"

"பேசாம இருடா" என்று அவனை அதட்டிவிட்டு சாந்தினி மெக்கென்னாவிடம் கேட்டாள். "சார், ஆளைத் தூக்கிப் பந்து பிடிக்கிறது உண்டா?"

இல்லை என்று மெக்கென்னா தலையாட்டினார்.

"அலமாக்! ஒரு வருஷமா ஜீவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு!" என்று அலறினான் தங்கராஜு.

"நான் என்ன கேட்டேனா தூக்கச் சொல்லி?" என்றான் ஜீவன்.

நல்லவேளையாக சிங்கப்பூர் அணி எல்லைப் பாலத்து டிராஃபிக் ஜேமில் மாட்டிக்கொண்டிருந்தது. சாந்தினி மெக்கென்னாவின் கோட்டைக் கழற்ற வைத்து, அவரைத் திடலில் இறக்கினாள். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. பிடிபட்டவன் உடனே எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்ட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தே பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சிங்கப்பூர் பஸ் வந்து நின்றபோது அவர்கள் அதை ஆண்டுக்கணக்காய் ஆடியவர்கள் போல ஆடினார்கள்.

இரண்டு பேர் வெளியே போக வேண்டும். கணுக்கால் வீங்கியிருந்த கால்வின் நொண்டிக்கொண்டே விலகினான். இன்னொருவர்?

எல்லாரும் புல்லைப் பார்த்தார்கள். சாந்தினி நடுவரிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். கிரகோரிக்கு இருந்தது ஒரே ஆசை. தன் ஊர் பார்க்க, தன் ஊர்ச் சட்டையோடு ஒரே ஒருமுறை ஓட வேண்டும். அத்தனை இமெயிலும் அதற்குத்தான். அவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"தம்பிங்களா, ஊருக்காக நான் விலகுறேன். நாளைக்கு குளுவாங் ஜெயிக்கும்போது என்னை நினைச்சுக்குங்க."

"தலைவரே, நாளைக்கு இல்ல, இன்னைக்குத்தான் மேட்ச்" என்றான் தங்கராஜு. ஆனால் அவன் கண்ணும் கலங்கியிருந்தது. பையன்கள் கிரகோரியைக் கட்டிக்கொண்டார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. இந்த முறை அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருந்தது.

வௌவால்கள் தோற்றார்கள், பலமாகவே. ஆனால் கொட்டுகிற மழையில் ஒருவரும் திடலை விட்டுப் போகவில்லை. தங்கராஜு மூன்று ஆட்களை முதுகில் சுமந்துகொண்டே எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தபோது மெக்கென்னா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். முடிவு சொல்ல அவர் கீழே இறங்கக்கூட இல்லை.

"குளுவாங் உள்ளே!"

இனி உலக வரைபடத்தில் எங்களைத் தேட வேண்டியதில்லை என்று அறிவித்து, மாலை கடையில் கிரகோரி எல்லாருக்கும் தே தாரிக் டீ வரவழைத்தார். அவருடைய தியாகத்தை ஒவ்வொரு மேசையிலும் பேசினார்கள். நடுவரும் வந்து கைகொடுத்தார்.

கிரகோரி கையைத் தூக்குவதற்கு முன்பே பதினைந்தாம் எண்ணை நீக்கச் சொல்லி நடுவரிடம் சாந்தினி சொல்லிவிட்டிருந்தாள்.